செந்தமிழ்ச்செல்வி அக்கா கொண்டுபோன நற்செய்தி

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, அக்காவின் கணவர் தேவசகாயம் அண்ணன் அவர்களே, வேலை முடிந்து சீருடையோடே வந்திருக்கும் செவிலியர்களே, இன்று கடலுக்குப் போகாமல் இங்கே வந்திருக்கும் குப்பத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

செவிலியர் எஸ்தர் செந்தமிழ்ச்செல்வி அம்மையாரை மூன்று நாட்களுக்கு முன் அடக்கம் செய்தோம். அழ வேண்டியதை அன்றே அழுது தீர்த்துவிட்டேன். இன்று பெருமைப்பட வந்திருக்கிறேன். அந்த அம்மையாரோடு பதினோரு ஆண்டுகள் ஊழியம் செய்தவன் என்று சொல்லிக்கொள்ள வந்திருக்கிறேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு மில் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். முப்பத்திரண்டு ஆண்டுகள் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே என்னிடம் வந்து, "வெற்றி, மே மாசம் ஊழியத்துக்குப் போறீங்களாமே, நானும் வர்றேன்" என்றார். அப்போது நான் குழுத் தலைவன். சென்னையில் உள்ள ஓர் ஊழிய நிறுவனம் எங்களை அனுப்பியது. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே ஒரு மீனவர் குப்பத்தில் பத்து நாள் பாட்டு, ஜெபம், பிரசங்கம். பதினோராம் நாள் அறிக்கை. எத்தனை பேர் இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள் என்று அதில் எழுத வேண்டும். நான் அந்த எண்ணிக்கையை நினைத்துக்கொண்டுதான் பேருந்தில் ஏறினேன். அக்கா எதை நினைத்துக்கொண்டு ஏறினார்?

நான்காம் நாள் மாலை அது தெரிந்தது. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மீன் விற்கும் ஆதிலட்சுமி தன் நான்கு வயது மகள் சுடர்விழியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். "சாமி, எதாவது பண்ணுங்க" என்று என் முன்னால் கிடத்தினார். ஒரு கையில் மைக், மறு கையைப் பிள்ளையின் தலையில் வைத்தேன். இந்தச் சபையில் மறைக்காமல் சொல்கிறேன்: இந்தப் பிள்ளை எல்லாருக்கும் முன்னால் எழுந்து நடந்தால் குப்பமே நம் பக்கம் வந்துவிடும் என்றுதான் அப்போது நினைத்தேன். பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

பார்த்தவர் அக்கா. பிள்ளையின் தலையை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"கழுத்து வெறச்சிருக்கு. மூளைக்காய்ச்சலா இருக்கும். மைக்க வையி வெற்றி, ஆட்டோ கூப்புடு."

"அக்கா, ஜெபம் பண்ணிட்டு..."

"ஜெபம் ஆட்டோவுல போய்க்கிட்டே பண்ணலாம். ஏறு."

கடலூர் சாலையில் ஆட்டோ பறந்தது. பிள்ளை அக்காவின் மடியில். ஒரு விரல் நாடியில். வழி முழுக்க வாய்விட்டு ஜெபித்தார், நடுநடுவே, "ஹாரன் அடிச்சிக்கிட்டே போப்பா" என்று ஓட்டுநரிடம் சொன்னார். அன்றுவரை நான் எத்தனையோ ஜெபங்களை மேடையிலிருந்து செய்திருக்கிறேன். அப்படி ஒரு ஜெபத்தை நான் கேட்டதில்லை.

எங்கள் பத்து நாள் முடிந்தது. குழு வீடு திரும்பியது. அக்கா திரும்பவில்லை. பிள்ளை கண் திறக்கும்வரை மருத்துவமனையிலேயே இருந்தார். சுடர்விழி பிழைத்தாள். ஒரு காது மட்டும் கேட்காமல் போனது. அந்தப் பெண் இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போன அன்று, அறிக்கையை இன்னும் அனுப்பாத நானும் அங்கே போயிருந்தேன். ஆதிலட்சுமி அக்காவின் காலில் விழுந்தார். "நர்ஸக்கா, இனிமே உங்க சாமிதான் எங்க சாமி. எங்க பேர எழுதிக்குங்க" என்றார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுந்திரு ஆதிலட்சுமி. புள்ள பொழச்ச பதட்டத்துல பேசுற. அதுக்காக நீ எதையும் திருப்பித் தர வேணாம். இயேசு யாருன்னு நான் சொல்றேன், நிதானமா கேளு. புடிச்சிருந்தா அப்பறம் பாக்கலாம். புடிக்கலன்னாலும் நான் வருவேன்."

அந்த ஆண்டு அறிக்கையில் நான் எழுதிய எண் பூஜ்யம். பலன் இல்லாத இடம் என்று நிறுவனம் எங்களைக் கைவிட்டது. எனக்குக் கோபம். அது நிறுவனத்தின் மேல் இல்லை, அக்காவின் மேல். "இப்ப சந்தோஷமா?" என்று கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். "அவங்க அனுப்பலன்னா என்ன வெற்றி, பஸ்ஸு போவுதில்ல?" என்றார்.

பேருந்து போனது. பதினோரு மே மாதமும் நாங்கள் போனோம்; நடுவிலும் அக்கா தனியாகப் போய்வந்தார். அக்கா தன் நம்பிக்கையை ஒளித்தாரா? ஒருநாளும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும், "நான் இயேசுவப் பத்திப் பேச வந்திருக்கேன், கேக்க இஷ்டமிருந்தா உக்காருறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசினாரா? அதுவும் இல்லை. கணவனைக் கடலில் பறிகொடுத்த தில்லையம்மாள், "அன்னிக்கி உங்க சாமி எங்க போயிருந்துச்சி?" என்று கேட்டபோது என்னிடம் பதில் தயாராக இருந்தது. அக்கா என்னைப் பேசவிடவில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லி, பொழுது சாயும்வரை அந்த அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, யாரும் கூப்பிடாமல், அதே தில்லையம்மாள் நம் ஆலயத்துக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் குடும்பத்தையும் சேர்த்து மூன்று குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன. மூன்றுதான். அவர்களில் ஒருவரும் பயந்து வரவில்லை, நன்றிக்கடனுக்காக வரவில்லை. இதைவிட எனக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

ஆதிலட்சுமி வரவில்லை. இன்றும் ஆடி மாதம் அம்மன் தேருக்கு வடம் பிடிக்கிறவர்தான். ஆனால் அக்கா போகும்போதெல்லாம் அவர் வீட்டு வாசலில்தான் பெண்கள் கூடுவார்கள். அக்காவின் இதயம் பலவீனப்பட்டு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும் அங்கேதான் கூடினார்கள்.

அடக்கத்தன்று சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் குப்பத்து ஆண்கள் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. மண் போட்டு முடித்ததும் ஆதிலட்சுமி என்னிடம் வந்தார்.

"அண்ணே, போன மாசம் எங்க தெருவுக்குப் புதுசா வந்த பொம்பளைங்களுக்கு அக்கா இயேசு கதைய மொதல்லேருந்து சொன்னாங்க. அவர சிலுவையில அறஞ்சி, கல்லறையில வெச்சி மூடிட்டாங்கன்னு சொல்றப்ப மூச்சு வாங்கிடுச்சி. மிச்சம் அடுத்த வாரம்னு எழுந்து போனாங்க. அந்தப் பொம்பளைங்க தினமும் என்னக் கேக்குறாங்க. எனக்குத் தெரியும், ஆனா நான் சொன்னா சரியா வராது. நீங்க யாராவது வருவீங்களா?"

இதற்கு நாம் என்ன பதில் சொல்லப்போகிறோம் சபையோரே? நான் சொல்லிவிட்டேன். மே மாதம்வரை காத்திருக்கப் போவதில்லை. வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். இயேசுவின் கல்லறை மூன்றாம் நாள் திறந்ததை அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டும்.