கோலிக்குண்டு உருளாத தளம்

வெயில் ஏறினால் இந்தப் பலகை நீளும். நிறையப் பேருக்கு இது தெரியாது ஐயா. பார்வைக்கு மரம் போலவே இருக்கும். ஆனால் மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிச் சேர்த்துச் செய்தது. கடையில் காம்போசிட் பலகை என்பார்கள். கரையான் அரிக்காது, மக்காது, வருஷா வருஷம் வார்னிஷ் கேட்காது. வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், அதுதான் அதன் குணம். அதனால் இரண்டு பலகைகளின் முனைகள் சந்திக்கிற இடத்தில் கொஞ்சம் சந்து விட்டுத்தான் பொருத்த வேண்டும். பத்தொன்பது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். இந்த ஒன்றை என் அண்ணனுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

அண்ணன் வீட்டின் பின்புறம் நின்ற மரத்தை நீங்கள் விழுந்த நிலையில்தான் பார்த்தீர்கள். நிற்கும்போது இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். லேசாகக் கிழக்கே சாய்ந்திருக்கும். அதைச் சுற்றி ஒரு டெக், அதாவது தூண் மேல் பலகைத் தளம், போட வேண்டும், சாயங்காலம் நிழலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. என்னைக் கூப்பிட்டார். எனக்கு நாற்பத்தாறு வயது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு வேலை கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு யார் வந்தாலும், “இவன் என் தம்பி, படிப்பு ஏறல, கைவேலை பாக்கிறான்” என்று அறிமுகப்படுத்துகிற மனிதர். அவர் வாயால் 'நல்லா இருக்கு' என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்காகத்தான் கையில் இருந்த மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டேன்.

பலகை போட ஆரம்பித்த முதல் நாள் காலையிலேயே ஒரு நாணயத்தோடு வந்தார். பலகைச் சந்தில் அதை விட்டுப் பார்த்தார். “என்னடா இது, பல்லி குடித்தனம் பண்ணும் போல இருக்கே.” மத்தியானம் வெயிலில் பலகை நீண்டு சந்து அடைபட்டதும் மறுபடி வந்தார். “இப்ப நாணயமே நுழையல. இங்க ஒரு அளவு, அங்க ஒரு அளவா விட்டிருக்க.” அதே சந்துதான் அண்ணா, வெயிலால் அப்படி என்றேன். “வேலை தெரிஞ்சவன் வெயிலைக் காரணம் சொல்ல மாட்டான்” என்றார். பிரித்துப் போடச் சொன்னார். போட்டேன். மறுநாள் காலையில் சந்து பெரிதாகிவிட்டது என்று மறுபடி பிரிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் கோலிக்குண்டு வந்தது. ரசமட்டத்தில் குமிழி நட்ட நடுவில் நின்றாலும் அவருக்குத் திருப்தி இல்லை. சட்டைப் பையிலிருந்து பச்சைக் கோலிக்குண்டு ஒன்றை எடுத்துப் பலகை மேல் வைப்பார். குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். ஒரு விரல்கடை நகர்ந்தாலும் போச்சு. “ஓடுது பார். பிரி.” குண்டைப் பலகை மேல் வைக்கும்போதே அவர் விரல் அதைத் தள்ளுகிறது என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஐந்து தடவை பிரித்துப் போட்டேன் ஐயா. என் வேலையை என் கையாலேயே ஐந்து தடவை கழற்றினேன். எரிச்சலாக இருக்குமா இருக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

அண்ணி மட்டும் தினமும் இரண்டு வேளையும் டீ கொண்டுவந்து வைப்பார். “தம்பி, ஆறிடப் போகுது, முதல்ல குடிங்க” என்பார். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தளத்தில் ஒரு சுற்று நடந்து பார்த்தார். “ரொம்ப நல்லா இருக்கு தம்பி. வழுக்கவே இல்ல.” நான் சிரித்து வைத்தேன். அண்ணி எல்லோருக்கும் நல்ல வார்த்தை சொல்கிறவர். அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேர் விஷயத்துக்கு வருகிறேன். தளத்தைத் தாங்கத் தூண்கள் வேண்டும், தூணுக்குக் குழி தோண்ட வேண்டும். மரத்தைச் சுற்றித் தோண்டும்போது பெரிய வேர் தட்டுப்பட்டால் குழியை நகர்த்துவோம். அதுதான் எங்கள் தொழிலில் முறை. தூண்கள் சம இடைவெளியில் இல்லாவிட்டாலும் மேலே பலகை வந்ததும் யாருக்கும் தெரியாது. வடக்குப் பக்கம் தொடை கனத்தில் ஒரு வேர் இருந்தது. ஒரு முழம் தள்ளித் தோண்டினேன். அண்ணன் நாடாவைப் பிடித்து அளந்தார். “எல்லாத் தூணும் ஒரே கணக்குல வரணும். வேர் வந்தா வெட்டு. மரத்துக்கு ஒரு வேர்தானா இருக்கு?” வெட்டினேன். அது அண்ணன் சொல்லி வெட்டியது. அதை என் கணக்கில் எழுத வேண்டாம்.

மேற்குப் பக்கம் இருந்த இரண்டு வேர்களை நான் அதற்குச் சில வாரம் கழித்து வெட்டினேன். அன்று ஐந்தாவது தடவையாகப் பிரிக்கச் சொல்லிவிட்டு அண்ணனும் அண்ணியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கிழக்கே சாய்ந்த மரத்தை மேற்கு வேர்கள்தான் இழுத்துப் பிடித்திருக்கும். கொடிக்கம்பத்துக்குப் பின்னால் கயிறு கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் ஆழம் தோண்டி, ரம்பம் வைத்து, நிதானமாக அறுத்தேன். இரண்டையும் முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மண்ணைத் தள்ளி, மிதித்து இறுக்கி, மேலே பலகை போட்டு மூடினேன். திருகாணி போடவில்லை. பக்கவாட்டுக் கிளிப் மாட்டினேன். கிளிப் மாட்டிய பலகையை நடுவில் ஒன்றை மட்டும் கழற்ற வராது. ஓரத்திலிருந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டே வர வேண்டும்.

அந்த இடத்தில் எந்தத் தூண் வந்தது என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். அந்த இடத்தில் தூண் எதுவும் இல்லை ஐயா.

வேலை முடிந்த அன்று அண்ணன் கோலிக்குண்டை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். எங்கேயும் நகரவில்லை. குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். “சரி, பரவாயில்ல” என்றார். ஏழு வாரம் உழைத்ததற்குப் பரவாயில்ல. பிறகு நாற்காலியைக் கிழக்குப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் அங்கேதான் நிழல் விழும். அது எனக்கு முன்பே தெரிந்ததுதான்.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. நான் மறந்தே போனேன் என்றுகூடச் சொல்லலாம். ஒருநாள் அண்ணி போன் செய்தார். “தம்பி, மரத்துல ஒரு பக்கம் இலையெல்லாம் பழுத்துக் கொட்டுது. எனக்கு என்னமோ பயமா இருக்கு. ஆள் யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டலாமா?” ஆள் எதற்கு அண்ணி என்றேன். மண்ணைக் கிளறியதால் அப்படி இருக்கும், அடிமரத்தைச் சுற்றி விட்டிருக்கிற வளையத்தில் தினமும் நாலு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், சரியாகிவிடும் என்றேன். வாடிய மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது தப்பு இல்லையே. மண் இளகினால் மிச்ச வேரும் பிடி விடும் என்பது உண்மைதான். அதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அண்ணி சொன்ன பேச்சைக் கேட்கிறவர். மூட்டுவலியோடு தினமும் ஊற்றியிருக்கிறார்.

மரம் விழுந்த அன்று சாயங்காலம் மேற்கிலிருந்து நல்ல காற்று. நாலரை மணிக்கு அண்ணன் போன் செய்தார். எடுத்த எடுப்பில், “டேய், நீ போட்ட லட்சணம் தெரிஞ்சு போச்சு. மேற்குப் பக்கம் பலகை எழும்பி நிக்குது. குண்டு ஓடுது. வந்து பார்” என்றார். பலகை தானாக எழும்பாது. அடியில் மண்ணோடு வேர்க்கட்டை தூக்கினால்தான் எழும்பும். மரம் கிளம்பிவிட்டது என்று எனக்கு அந்த நொடியே புரிந்தது.

நான் என்ன சொன்னேன் என்று அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார். மறைக்க ஒன்றும் இல்லை. “கிளம்பிட்டேன் அண்ணா, பத்து நிமிஷத்துல வந்துருவேன். நீங்க போய் உங்க நாற்காலில உட்காருங்க” என்றேன்.

வாழ்நாளில் நான் சொன்ன ஒரு வார்த்தையையாவது கேட்டிருக்கிறாரா அந்த மனிதர்? அன்றும் கேட்கவில்லை. என்னைத் திட்டி முடிக்கவில்லை என்று வீட்டுக்குள்ளேயே போனைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். அண்ணி தண்ணீர் ஊற்றிவிட்டு, கால் வலிக்கிறது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். போன் வழியாகவே எனக்குச் சத்தம் கேட்டது. அண்ணன் பேச்சு பாதியில் நின்றது.

அண்ணி மேல் எனக்கு ஒரு துளி கோபம் கிடையாது ஐயா. அதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நாற்காலி அவருடையது அல்ல. அவர் அங்கே உட்கார்ந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும் என்று நானும் யோசித்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் போலீஸ்காரர்கள் வரும்போது தளத்தில் மண்டியிட்டு என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டீர்கள். மேற்குப் பக்கம் வேர் தூக்கியதில் பெயர்ந்துவிட்டது, கிழக்குப் பக்கம் மரத்தின் அடியில் நொறுங்கிவிட்டது. தெற்குப் பக்கம் மட்டும் அப்படியே நின்றது. அண்ணன் கையிலிருந்து விழுந்த கோலிக்குண்டு புல்லில் கிடந்தது. எடுத்துத் துடைத்து அந்தப் பக்கத்துப் பலகை மேல் வைத்தேன். அவ்வளவு பெரிய மரம் விழுந்து அதிர்ந்த பிறகும் குண்டு ஒரு நூல்கூட நகரவில்லை. அண்ணனை இரண்டு தடவை கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நாலடி தூரத்தில்தான் இருந்தார். கிளைக்கு வெளியே தெரிந்த அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்து, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை.