சங்கம் தூக்காத பாடை

— தட்டாதேன்னு சொன்னேன்ல. தட்டித் தட்டி உன் கைதான் வலிக்கும். இந்த அமின்தாஸ் சொன்ன சொல்லு மாறாது. என்ன நான் சொல்றது?

— கொஞ்சம் திறங்கண்ணே. ஃபிலா வந்திருக்கேன். பரமோன் வீட்டுக்காரி.

— குரலே சொல்லுதேம்மா. என் சாயத்தொட்டிக்கு அடுத்த தொட்டி உன் புருஷன் தொட்டி. இத்தனை வருஷமா தினம் மத்தியானம் முதல்ல உன் குரல் வரும், அப்புறம்தான் அவனுக்குச் சோறு வரும். அதுக்காகச் சங்கத்துச் சட்டத்தை மாத்த முடியுமா? சங்கத்து ஏட்டுல அவன் பேரை அடிச்சது அடிச்சதுதான்.

— நான் அதுக்கு வரலைண்ணே.

— எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. கேட்டுக்கோ. இந்தத் தெசலோனிக்கேல சாயக்காரங்களுக்குன்னு ஒரு சங்கம் எதுக்கு இருக்கு? செத்தா தூக்க நாலு தோள் வேணும், படுக்க ஆறடி மண்ணு வேணும், முன்னாடி குழல் ஊத ஒருத்தன் வேணும். அதுக்குத்தான் மாசாமாசம் கூடி தியோனீசு சாமிக்கு மது ஊத்தி, ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். உன் புருஷன் என்ன பண்ணான்? திடீர்னு வர்றதையே நிறுத்திட்டான். மதுவும் ஊத்த மாட்டானாம், படையல் கறியும் தொட மாட்டானாம். சாமி வேணாம், சாமி பேரால கூடின தோள் மட்டும் வேணுமா?

— வேணும்னு அவரும் கேக்கலை. நானும் கேக்கலை.

— நானா ஆசைப்பட்டு நீக்கினேன்? 'டேய் பரமோனு, ஒரே ஒரு சொட்டு ஊத்திட்டுப் போயிடு, மனசுக்குள்ள நீ யாரை வேணா கும்பிட்டுக்கோ'ன்னு கெஞ்சினேன். மரம் மாதிரி நின்னான். நாளைக்குக் கடல்ல போட்ட கூடையில சாயம் எடுக்கிற நத்தை விழலைன்னா சாமிக் குத்தம்னு எல்லாரும் வந்து யார் சட்டையைப் பிடிப்பாங்க? தலைவன்னு என் சட்டையைத்தான். என்ன நான் சொல்றது?

— தெரியும்ணே. உங்க மேல அவருக்கு வருத்தம் இல்லை.

— இல்லையாக்கும்.

— சாகறதுக்கு முந்தின நாள்கூட உங்களைப் பத்திப் பேசினார். முதல் முக்குலயே துணியில நிறம் ஏத்தற கை, ஊர்லயே அமின்தாஸ் கை ஒண்ணுதான்னார்.

— ம். அது அவனுக்குத் தெரியும். சொல்லித்தான் ஆகணும், அவனும் லேசுப்பட்டவன் இல்லை. சரி, இங்க பாரு. சங்கத்துப் பேரால ஒண்ணும் பண்ண முடியாது. பொதுக் குழிக்கு நகர வண்டி வரும். வண்டிக்காரன் எனக்குத் தெரிஞ்சவன். முகத்தை மூடி, மரியாதையாக் கொண்டுபோடான்னு ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். அதுக்கு மேல என்னால ஆகாது.

— அடக்கம் பண்ணியாச்சுண்ணே. முந்தாநேத்தே.

— பண்ணியாச்சா? எங்க?

— கிழக்கு வாசலுக்கு வெளிய. எங்க சபையில வசதியான அம்மா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க தோட்டத்துல இடம் குடுத்தாங்க.

— யாரு தூக்கினது? ஊரே ஜுரத்துக்குப் பயந்து கதவை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு.

— துறைமுகத்துல மூட்டை தூக்கற அண்ணன் தம்பி ரெண்டு பேர். தோல் தைக்கிற கிழவர் ஒருத்தர். நாலாவது, அந்த அம்மா வீட்டு அடிமை. பாதி வழியில அவருக்குக் கால் பிசகிடுச்சு. அந்த அம்மாவே வாங்கித் தோள்ல வெச்சுக்கிட்டாங்க.

— அடிமைக்கு மாத்தா எஜமானி பாடை தூக்கினாளா? நல்ல கூத்துதான். குழல் யாரு ஊதினா?

— குழல் இல்லை. நாங்களே பாடினோம். அவர் கையைத்தான் எவ்வளவு தேய்ச்சும் கழுவ முடியலை. ஊதாக் கையோடயே புதைச்சோம்.

— சாயக்காரன் கை மண்ணுக்குள்ள போனாலும் வெளுக்காதும்மா. நாறும், ஆனா வெளுக்காது.

— ஆமாண்ணே.

— என்ன சபையோ, என்ன எழவோ. முதுகெல்லாம் தழும்போட எங்கிருந்தோ சில பேர் வந்தாங்க. தோல் தைச்சுக்கிட்டே ஏதோ சொன்னாங்க. ஊர்ல கலாட்டா ஆனதும் கிளம்பிப் போயிட்டாங்க. அவங்க விட்டுட்டுப் போனதைப் பிடிச்சுக்கிட்டு நீங்க தொங்கறீங்க. உங்க ஆண்டவர் சீக்கிரமே திரும்பி வர்றார்னுதானே சொன்னாங்க? எங்க வந்தார்? அதுக்குள்ள பரமோன் போயிட்டானே.

— அதுக்குத்தான் நான் ரொம்ப அழுதேன். அவர் வர்ற நேரத்துல இவர் இல்லாம போயிட்டாரே, இவரை விட்டுடுவாரோன்னு. இல்லையாம்ணே. இது சாவு இல்லையாம், தூக்கமாம். தூங்கறவங்களத்தான் முதல்ல எழுப்புவாராம். கிளம்பிப் போனவங்களே எங்களை மறக்காம சொல்லி அனுப்பியிருக்காங்க.

— நீ நம்புறியா?

— ராத்திரியில நம்ப முடியறதில்லை. விடிஞ்சா நம்பறேன்.

— பரவால்ல, பொய் சொல்லலை. சரி, அடக்கமும் ஆச்சு. அப்புறம் எதுக்கு என் கதவை இந்தத் தட்டு தட்டுறே?

— மதினி எப்படி இருக்காங்க?

— பெரெனீக்கேவா? தூங்கறா. ஜுரம். நீ கிட்ட வராதே, உனக்கும் ஒட்டிக்கும்.

— எப்ப இருந்து தூங்கறாங்கண்ணே?

— இது என்ன கேள்வி?

— கிணத்தடியில பேசிக்கிட்டாங்க. நீங்க சங்கத்து ஆளுங்க வீட்டுக்கெல்லாம் சொல்லி அனுப்பினீங்களாம். ஒருத்தரும் வரலையாம்.

— அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா. குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நானா இருந்தா வந்திருப்பேன். எத்தனை பாடைக்கு முன்னாடி நடந்திருக்கேன் நான், எத்தனை பேருக்குத் தோள் குடுத்திருக்கேன். என் பெரெனீக்கேவுக்கு நாலு தோள் கிடைக்கலை. நேத்து விடியக்காலைல போயிட்டா ஃபிலா. ஒத்தை ஆளாத் தூக்கிப் பாத்தேன். வாசல் வரைக்கும்கூட முடியலை. பொதுக் குழி வண்டிக்குச் சொல்லி அனுப்ப மனசு வரலை.

— அதுக்குத்தாண்ணே வந்தேன். தெருமுனையில எங்க ஆளுங்க பாடையோட நிக்கிறாங்க. கதவைத் திறங்க.

— பரமோனைத் தூக்கினவங்களா?

— அவங்கதான்.

— அவன் பேரை அடிச்சவன்மா நான்.

— தெரியும். திறங்க.

— இப்பவே சொல்லிடறேன். உங்க சாமியைக் கும்பிடுன்னு என்னைச் சொல்லக் கூடாது.

— யாரும் சொல்ல மாட்டாங்க. செருப்புக் கடைக்காரரோட அம்மாவையும் நேத்து நாங்கதான் தூக்கினோம். அவங்க எங்க ஆள் இல்லை. தூக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

— இரு, தாழ்ப்பாள் இறுகிக் கிடக்கு... ம், வா. பாத்து வா, கீழ ஈரம். நானே குளிப்பாட்டினேன். சரியாப் பண்ணேனான்னு தெரியலை. இதெல்லாம் பொம்பளைங்க பண்றது.

— நல்லாப் பண்ணியிருக்கீங்கண்ணே. தலைகூடச் சீவி விட்டிருக்கீங்க. நீங்க சாப்பிட்டீங்களா? ரொட்டியும் ஆலிவும் கொண்டாந்திருக்கேன்.

— அங்க வை. அப்புறம் பாக்கலாம். ஒண்ணு கேக்கணும் உன்கிட்ட. கடைசி நேரத்துல அவகிட்ட சொன்னேன், 'செத்தவங்களை ஆத்தைக் கடத்தி விடற படகுக்காரனுக்குக் குடுக்க வாயில காசு வெச்சு அனுப்பறேன், நீ பயப்படாமப் போ'ன்னு. வேணாம்னுட்டா. 'எனக்குப் படகெல்லாம் வேணாம், நான் தூங்கி எந்திரிக்கப் போறேன்'னா. ஜுரத்துல பினாத்தறான்னு நினைச்சேன். காசை வெச்சுட்டேன். எல்லாருக்கும் வைக்கிறதுதானே, என்ன நான் சொல்றது?

— ம்.

— என்ன ம்? பரமோன் வாயில காசு வெச்சியா?

— வைக்கலைண்ணே.

— தூங்கறதும் எந்திரிக்கறதும். இப்ப வாசல்ல நின்னு நீயும் இதையேதானே சொன்னே.

— ஆமாண்ணே.

— எப்ப இருந்து?

— ரொம்ப நாளா. நீங்க சங்கத்து விருந்துக்குக் கிளம்பற சாயங்காலமெல்லாம் அவங்க எங்ககூட வந்து உக்காருவாங்க. உங்ககிட்டச் சொல்லணும்னு தவிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. சொன்னா உங்களைத் தலைவராவே இருக்க விட மாட்டாங்கன்னு பயம்.

— என்கூடச் சாப்பிட்டா, என்கூடப் படுத்தா, ஒரு வார்த்தை சொல்லலை. இது அவன் வேலைதான். பக்கத்துத் தொட்டியில நின்னு என்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டே, என் பொண்டாட்டியை அங்க இழுத்துட்டுப் போயிருக்கான் பரமோன். பேரை அடிச்சதோட விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— இல்லைண்ணே. அவரைக் கூட்டிட்டுப் போனதே மதினிதான். நீங்க எல்லார் முன்னாடியும் பேரை அடிச்ச அன்னிக்கும் அவர் அதைச் சொல்லலை. நேரமாகுது, நீங்க தலைமாட்டைப் பிடிங்க.