நல்ல நிலையில் பன்னிரண்டு கஞ்சாக் கன்றுகள்

மொன்றியல் நகரில், காவல்துறையினர் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரியின் முன்னிலையில், 2006ஆம் ஆண்டு யூன் மாதம் அளிக்கப்பட்ட வாக்குமூலம்.

எனது பெயர் சவரிமுத்து ஞானசுந்தரம். வயது ஐம்பத்து நான்கு. பிறந்த இடம் திருகோணமலை. தற்போது நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், எங்களுக்குச் சொந்தமான இரண்டு மாடி வீட்டின் கீழ்மாடியில் மனைவி றோசலினுடன் வசித்து வருகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவன். புவாண்ட்-கிளேரில் உள்ள ஒரு களஞ்சியத்தில் சரக்கு மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். என் மீது இந்நாட்டிலோ இலங்கையிலோ எக்காலத்திலும் குற்றவழக்கு இருந்ததில்லை. எனக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரியும். ஆயினும் இவ்வாக்குமூலத்தைத் தமிழில் தர அனுமதி கோரினேன். ஒரு தமிழ்ச் சொல் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டதிலிருந்தே இவ்விடயம் தொடங்கியது என்பதால் அதிகாரி அதற்கு இணங்கினார்.

என் மனைவிக்கு மூளையையும் முள்ளந்தண்டையும் தாக்கும் நரம்பு நோய் உண்டு. அவருடைய கால்கள் முன்னறிவிப்பின்றி இறுகி முறுகும். அவ்வேளையில் இருவர் பிடித்தாலும் நிமிர்த்த இயலாது. மாத்திரைகள் பயன் தராமற்போனபின் அவருடைய மருத்துவரே கஞ்சாவைப் பரிந்துரைத்து விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். அரசு வழங்கிய உலர்ந்த தூள் அவருக்கு வாந்தியை உண்டாக்கியது. அதன் பின்னர் மத்திய சுகாதாரத் திணைக்களம், அவருக்காகப் பூட்டிய அறைக்குள் பதினைந்து செடிகள்வரை வளர்க்கும் உரிமத்தை என் பெயருக்கு வழங்கியது. விதைகளையும் அத்திணைக்களமே அஞ்சலில் அனுப்பியது. இச்செடிகள் இலையுதிர்காலத்தில் பயன்தர வேண்டியவை. என் மனைவிக்கு வேறு மருந்து மிச்சமில்லை.

நான் அதற்கு முன் ஒரு கீரைப்பாத்திகூடப் போட்டதில்லை. பதினைந்து விதைகளை ஈரமான காகிதத் துவாலைக்குள் மடித்து வைத்தேன். வெண்ணிற வேர் எட்டிப் பார்த்ததும் ஒவ்வொன்றையும் ஒரு சிறு சட்டியில் ஊன்றி, நிலவறையில் குழல்விளக்குகளின் கீழ் வைத்தேன். முதலில் வட்டமான இரு வித்திலைகளும், அதன் பின்னர் ஓரம் அரிந்தது போன்ற முதற்சோடி இலைகளும் வந்தன. விளக்கை உயரத்தில் கட்டியிருந்தமையால் கன்றுகள் ஒளியைத் தேடி நூல்போல் நீண்டு, தம் பாரத்தைத் தாமே தாங்கமாட்டாமல் வளைந்தன. விளக்கைத் தாழ்த்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பற்குச்சியை முட்டுக் கொடுத்தேன். என் மனைவியால் நிலவறைக்கு இறங்க முடியாது. ஆகவே தினமும் ஒரு சட்டியைத் தேநீர்த் தட்டில் வைத்து மேலே கொண்டு சென்று காட்டுவேன். “இது நேற்றையானில்லை, இது வேறை ஆள்” என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இங்கே அந்தச் சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். றோசலின் ஆலயப் பாடகர் குழுவில் இருந்தவர். குழுவிலிருந்த பெண்கள் இப்போதும் சாப்பாடு கொண்டு வருவார்கள். உரிமம் கையில் இருந்தபோதிலும் கஞ்சா என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் உச்சரிக்க எங்களால் இயலவில்லை. றோசலினே ஒரு வழி சொன்னார்: “தென்னம்பிள்ளை எண்டு சொல்லுறனாங்கள்தானே? பிள்ளையள் எண்டே சொல்லுவம். ஆருக்கு விளங்கப்போகுது?” அன்றிலிருந்து நாங்களும், என் மனைவியின் தம்பி யோசெப்பும் அவ்வாறே சொல்லி வந்தோம்.

யூன் மாத முதற் சனிக்கிழமை காலை மூன்று கன்றுகள் மண்ணோடு சேருமிடத்தில் தண்டு கறுத்து மெலிந்து விழுந்து கிடந்தன. நிலவறையில் நின்றபடியே யோசெப்பைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் இல்-பிசாரில் தக்காளி வளர்ப்பவர்.

“மூண்டு பிள்ளையள் செத்துப்போச்சு, யோசெப்” என்றேன்.

“எத்தினை தரம் தண்ணி விட்டனீங்கள் அத்தான்?”

“காணேக்கையெல்லாம் விட்டனான்.”

“செல்லம் குடுத்தே கொண்டுபோட்டியள். இனித் தண்ணியைக் காட்டாதேங்கோ. காத்துக்கு ஒரு ஃபானை வையுங்கோ.”

“சரி, இனிச் சொட்டுத் தண்ணி குடுக்கேல்லை. கிடந்து காயட்டும். செத்ததுகளைக் குப்பைப் பைக்குள்ள போட்டிட்டன்.”

“கதவு?”

“ஓம், பூட்டித்தான் வைச்சிருக்கிறன். ஒருத்தருக்கும் தெரியாது.”

பலகைச் சுவருக்கு அப்பால் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் செல்வி பார்கவி, சென்னையிலிருந்து வந்து ஒரு கணினி நிறுவனத்தில் பணிபுரிபவர், அவ்வேளை அங்கே துணி எடுக்க வந்திருந்தார். அவருக்கு என் குரல் மட்டுமே கேட்டது. மேலே சென்று காவல்துறையை அழைத்தார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் கேட்ட வாக்கியங்களைக் கேட்டபின் ஒருவர் அழைக்காமல் இருந்திருந்தால் அதைத்தான் குற்றம் என்பேன்.

அதன் பின்னர் காவலர்கள் நால்வர் வந்தனர். கதவைத் திறக்கச் சொன்னார்கள்; திறந்தேன். பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள்; பன்னிரண்டு சட்டிகளைக் காட்டினேன். குப்பைப் பையையும் கொட்டிப் பார்த்தார்கள். பார்கவி படியில் நின்று, “ஐயோ அங்கிள், நான் நெஜமாவே குழந்தைங்கன்னு நெனச்சுட்டேன்” என்று அழுதார். இதுவரை நடந்தவற்றில் எவரையும் நான் குறைகூறவில்லை.

அதன் பின்னர் நான் உரிமத்தின் மூலப்பிரதியைக் கொடுத்தேன். மூத்த அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு காகிதத்தை எவரும் அச்சடிக்கலாம் என்றார். ஒட்டாவாவில் உள்ள சுகாதாரத் திணைக்களத்துக்கு அழைத்துச் சரிபார்க்கலாம் என்றேன். சனிக்கிழமை அலுவலகம் இல்லை என்றார். அப்படியானால் திங்கட்கிழமைவரை அறையை முத்திரையிட்டுச் செடிகளை விளக்கின் கீழேயே விடும்படி கேட்டேன். மறுத்தார். சட்டிகளை அட்டைப் பெட்டிகளில் அடுக்கினார்கள். பற்குச்சிகள் விழுந்தன. நான் குரலை உயர்த்தவில்லை. செடிகளுக்கு ஒளி வேண்டும், காற்று வேண்டும், மேல்மண் காய்ந்தபின் சிறிதளவு நீர் வேண்டும் என்று பிரெஞ்சில் தெளிவாகக் கூறினேன். அதற்கு அவர், “மெசியூ, நாங்கள் கார்தெரி நடத்தவில்லை” என்றார். கார்தெரி என்பது இங்கே குழந்தைகள் காப்பகம். மற்றவர்கள் சிரித்தார்கள். நிலவறைக்கு மேலே எங்கள் அறையிலிருந்து என் மனைவி, “என்னப்பா, ஆர் வந்திருக்கினம்?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஒட்டாவா உரிமத்தை உறுதிப்படுத்தியது. அன்றே காவல்நிலையத்துக்குச் சென்றேன். பொறுப்பானவர் விடுமுறையில் என்றார்கள். அடுத்த நாளும் சென்றேன். வெள்ளிக்கிழமைதான் என்னை அழைத்தார்கள். சான்றுப்பொருட்கள் வைக்கும் அறையிலிருந்து பெட்டிகளைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்கள். ஒவ்வொரு சட்டியும் பிளாஸ்டிக் பையில் இட்டு வாயில் முத்திரை ஒட்டப்பட்டிருந்தது. பைகளின் உட்புறம் வியர்த்திருந்தது. உள்ளே தண்டுகள் கூழாகி மண்மேல் படிந்திருந்தன. சிலவற்றில் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது.

அதன் பின்னர் ஒரு பற்றுச்சீட்டைத் தந்து கையொப்பமிடச் சொன்னார்கள். “கஞ்சாச் செடிகள், பன்னிரண்டு, நல்ல நிலையில் மீள ஒப்படைக்கப்பட்டன” என்று அதில் இருந்தது. செடிகள் இறந்துவிட்டன என்று எழுதித் தாருங்கள் என்றேன். அவ்வாறு எழுதினால் தாம் ஒரு விளக்க அறிக்கை எழுத நேரும் என்று அவ்வறைக்குப் பொறுப்பான அதிகாரி கூறினார். “பன்னிரண்டு சட்டிகள்” என்றாவது திருத்தும்படி கேட்டேன். சட்டியோ செடியோ, கையொப்பமிட்டுவிட்டு எடுத்துச் செல்லலாமே என்றார். நான் கையொப்பமிடவில்லை. அவர் பெட்டிகளைத் தரவில்லை.

வீடு திரும்பி மனைவியிடம் நடந்ததைக் கூறினேன். “தண்ணி குடுத்தவங்களோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று மாலை அவருடைய இடது கால் இறுகியபோது பார்கவியை அழைத்து இருவருமாகப் பிடித்தோம்.

அதன் பின்னர் புதிய விதைகள் கோரி மத்திய திணைக்களத்துக்குத் தொலைபேசினேன். பேசிய பெண் மரியாதையாகவே பேசினார். காவல்துறையின் அறிக்கைப்படி என் பெயரில் பன்னிரண்டு செடிகள் நல்ல நிலையில் உள்ளன. என் உரிமம் பதினைந்துக்கு. ஆகவே மேலும் மூன்று விதைகள் மாத்திரமே ஊன்றலாம், மிகுதியை ஊன்றினால் உரிமம் இரத்தாகும் என்றார். மூன்று செடிகள் என் மனைவிக்குப் போதா.

நான் இழப்பீடு கோரவில்லை, மன்னிப்பும் கோரவில்லை. அந்தப் பன்னிரண்டு செடிகளும் காவல்துறையின் பொறுப்பில் இருந்தபோது இறந்தன என்று ஒரு வரி, அதிகாரியின் பெயருடன், எழுதித் தரப்பட வேண்டும். அதுவரை எனது மனைவியின் மருந்துக்கான இடத்தை இறந்த செடிகள் பிடித்து வைத்திருக்கும்.

மேற்கண்டவற்றை நானே இருமுறை வாசித்தேன். கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. அனைத்தும் நடந்தவாறே உள்ளன. எனவே இதன் கீழ் மனமுவந்து கையொப்பமிடுகிறேன். அந்தப் பற்றுச்சீட்டின் கீழ் இடமாட்டேன்.

(ஒப்பம்) ச. ஞானசுந்தரம்