ஒரே வீட்டிலிருந்து ஐந்து மாணவர்கள்

உங்கள் இணையப் பாடங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குரல் தெளிவு, படம் தெளிவு, காசும் கிடையாது. ஒரே வீட்டிலிருந்து ஐந்து மாணவர்கள் எப்படி என்று விசாரித்து எழுதியிருந்தீர்கள். சொல்லிவிடுகிறேன்.

வீட்டு வரைபடப் பாடத்தில் முதலில் சேர்ந்தவள் என் மகள். புகுந்த வீடு சரிப்படாமல் ஆறு வருஷமாக என்னோடு இருக்கிறாள். காலையில் என் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம், பிறகு வீட்டு வேலை, பிறகு கைபேசியில் உங்கள் பாடம். மாதக் கடைசிக்குள் உங்கள் சான்றிதழோடு வந்தால் வேலை என்று வெளியூர்க் கட்டட அலுவலகம் ஒன்றில் சொல்லியிருந்தார்கள்.

பெண் படித்தால் பெற்றவனுக்குப் பெருமைதான். எனக்கும் இருந்தது. கூடவே, இனி வெந்நீர் யார் வைப்பார்கள் என்றும் இருந்தது.

உங்கள் பாடத்தில் வாத்தியார் திருத்துவதில்லை; கூடப் படிப்பவர்களே ஒருவர் படத்துக்கு ஒருவர் மதிப்பெண் போட வேண்டும். அதனால் நானும் சேர்ந்தேன். ஒற்றை ஆளாகப் போனால் பலம் போதாதென்று நான்கு பெயர்களில் சேர்ந்தேன்: ஓய்வுபெற்ற கப்பல்காரர், ஒரு நர்ஸம்மா, அண்ணன் தம்பி இருவர். தம்பி கொஞ்சம் மந்தம். கப்பல்காரருக்கு மற்ற மூவரும் தாராளமாகப் போட, அவருக்குச் சான்றிதழே வந்துவிட்டது. இலவசம்தானே என்று மற்றவர்கள் பாதியில் கழன்றுகொண்டதால், பிரிவில் மிஞ்சியது என் மகளும் நாங்கள் நால்வரும்தான்.

கடைசித் தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது உலக வழக்கம். என் நாலு பேரும் ஒரே விதமாகத்தான் பேசினார்கள்: பூஜ்ஜியம். முதல் இரண்டு முறை அவள் படத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு இளகிவிடும்.

"யாருப்பா இவங்க? இவங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டாள், ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டே.

"பொறாமை பிடிச்ச ஜனங்கம்மா. விட்டுத் தள்ளு," என்றேன்.

மூன்றாம் முறை, மாதக் கடைசி நாளில், திறந்து பார்த்தேன். இந்தத் தடவை முழு மதிப்பெண் போட்டுவிடுவதென்றுதான் உட்கார்ந்தேன், இது சத்தியம். 'நீங்கள் வாழ விரும்பும் வீடு' என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். வெளியூரில் தான் குடியிருக்க ஒரு வீட்டை வரைந்திருந்தாள். கீழ்த்தளத்தில் கிழக்கு பார்த்த ஓர் அறை. ஏற இறங்கப் படி கிடையாது. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அறையின் நடுவே பொடி எழுத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியது, மறைப்பானேன்.

ஆனால் அறையின் அகலம் எட்டடிதான். கட்டிலைப் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. நாளைக்கு ஊரார் வீட்டை இப்படி வரைந்து கொடுத்தால் அவளுக்குத்தானே கெட்ட பெயர்? நான்கு பூஜ்ஜியங்களையும் போட்டேன், கெடுவும் முடிந்தது. முன்னால் போட்டதற்கெல்லாம் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். இந்த நான்கை மட்டும், ஐயா, நான் நேர்மையாகப் போட்டேன்.