மெஷின் தானா ஓடாது

இல்ல தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கதைய நான் இருபத்திரண்டு வருஷமா நம்பல. நீங்க போன மாசம்தான் எழுதினீங்க, சரி. ஆனா எனக்கு இது பழைய கதை. ஏற்கனவே ஒருத்தர் இதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கார். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். ஆமா, ரிப்பேர் பண்ற எடத்துலதான் ஆடுற ஸ்டூல் இருக்கு, சிரிச்சுக்கோங்க.

டெக்னிக்கலா தப்பு இருந்தா சொல்லுங்கன்னுதானே கதைப் பேப்பரைக் குடுத்துட்டுப் போனீங்க? சொல்றேன். உங்க விண்வெளிக் கப்பல் முன்னூறு வருஷமா பறக்குது. யாரு கிரீஸ் வெக்கிறா? எங்க பிஸ்கட் கம்பெனில மாவு பிசையிற மெஷின் இருக்கே, அதுல ஒரு ரப்பர் வாஷரை மூணு மாசத்துக்கு ஒருதடவை மாத்தலன்னா எண்ணெய் ஒழுகி மொத்த மாவும் நாசம். உங்க கப்பல்ல ஒருத்தன் கையிலயும் ஒரு கந்தல் துணி கூட இல்லையே! ஹீரோ வர்றான், பேனலை ஒரு உதை விடறான், லைட்டெல்லாம் எரியுது. இங்க எவனாவது அப்படி உதைச்சான்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம்.

விடுங்க, அதெல்லாம் தமாசு. எல்லா விண்வெளிப் படத்துலயும் அப்படித்தான். என் பொண்ணு போட்டுப் பாப்பா, நான் டிவியப் பாத்துக் கத்துவேன், அவ என்னை எழுந்து போங்கப்பான்னு வெரட்டி விட்டுடுவா. என் கோவம் அதுல இல்ல. நாப்பத்தோராம் பக்கம். எடுங்க.

ரிப்பேர்காரன் உள்ள போறான். பேரு கூட இல்ல பாருங்க அவனுக்கு. மெஷினுக்கு மட்டும் அழகா ஒரு பேரு வெச்சிருக்கீங்க. இவன் ரெண்டு வரி பேசறான், குனியறான், மெஷினுக்குப் புத்தி வந்துடுது, தானா ஸ்டார்ட் ஆகுது, ஆளு காலி. அப்புறம் எல்லாரும் மெஷினைப் பாத்து நடுங்கறாங்க. சுவிட்சுகிட்ட யாருய்யா நின்னீங்கன்னு ஒருத்தனும் கேக்கல.

என்னது? அதுதான் ஜனங்க பயப்படற எடமா? அட போங்க தம்பி. கரண்டை நிறுத்திட்டா எல்லாம் வெறும் இரும்பு. யாரோ ஒருத்தர் கை வெச்சாத்தான் அது திரும்பி ஓடும்.

இந்தாங்க, இதப் பிடிங்க. என் பூட்டு. செவப்பு பெயிண்ட், மேல என் பேரு. மெஷினுக்குள்ள இறங்குறவன் மொதல்ல சுவிட்சை அணைச்சு, அதும்மேல தன் பூட்டைப் போட்டு, சாவிய சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் இறங்கணும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. மொதலாளியே வந்தாலும் திறக்க முடியாது. இப்ப திறந்திருக்குல்ல? சாவிய உருவுங்க பாப்போம். இன்னும் இழுங்க. வராது. பூட்டை அமுக்கிப் பூட்டுங்க. இப்ப வருதா? அவ்வளவுதான். பூட்டினாத்தான் சாவி வெளிய வரும்.

சில பேர் கழட்ட மறந்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்ப சூப்பர்வைசர் பூட்டை வெட்டலாம். ஆனா வெட்டறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பாக்கணும். பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அதுக்குத்தான் பூட்டுல பேரே எழுதறோம்.

எங்க அண்ணன் இங்கதான் வேலை பாத்தார். மாவு மெஷின்தான், இப்ப இருக்கிறது இல்ல, இதுக்கு முன்னாடி இருந்தது. பிளேடு மாத்த இறங்கினார். ஷிஃப்ட் மாறுற நேரம். அன்னைக்கு சாயங்காலம் சூப்பர்வைசர் எங்க வீட்டுக்கு வந்து, தலையில கை வெச்சுக்கிட்டு அழுதார். மெஷின் தானா ஓடிடுச்சுப்பா, உங்கண்ணன் பூட்டுப் போட மறந்துட்டான்ப்பான்னார். அண்ணன் உடம்புல இருந்த சாமானையெல்லாம் ஒரு கவர்ல போட்டு அவரே என் கையில குடுத்தார். வாட்ச், சீப்பு, மூக்குக் கண்ணாடி, ஒரு சின்ன பித்தளைச் சாவி.

அந்தச் சாவி வீட்டுல எதுக்கும் சேரல. அண்ணியோட பீரோவுக்குக் கூடப் போட்டுப் பாத்தேன். ஆறு மாசம் கழிச்சு அதே சூப்பர்வைசர் எனக்கு இங்க வேலை வாங்கிக் குடுத்தார். மொத நாளே கையில பூட்டைக் குடுத்தாங்க. பூட்டினேன், சாவிய உருவினேன். அச்சு அசலா அண்ணன் கவர்ல இருந்த அதே மாதிரி சாவி. அப்ப அண்ணன் பூட்டை மறக்கல.

ஏன் அப்பவே கேக்கலன்னா? நல்லா கேட்டீங்க. அதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன். அவர் குடுத்த வேலை. தொழில் கத்துக்குடுத்தது அவர். அவர் டிபன் பாக்ஸ்ல பாதி நான்தான் சாப்பிட்டேன். என் கல்யாணத்துக்கு வீட்டு மனுஷன் மாதிரி வந்து நின்னார். பழைய பூட்டோட சாவியா இருக்கும், வேற யாரோடதாவது இருக்கும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். பயந்தாங்கொள்ளி. அங்க எங்கண்ணி இருக்காங்களே, மகன் ஒரு குடையை மறந்து வெச்சுட்டு வந்தாக் கூட, அப்படியே உங்கப்பன் புத்திடா உனக்குன்னு திட்டுவாங்க. நான் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுட்டு, வாயத் திறக்காம எழுந்து வந்துடுவேன். இருபத்திரண்டு வருஷமா எங்கண்ணன் அந்த வீட்டுல மறதிக்காரனாவே இருக்கார் தம்பி!

உங்க மேல எனக்கு என்ன பகை? உங்க நாப்பத்தோராம் பக்கத்தைப் படிச்சப்பதான் அந்தாளு சொன்னது எவ்வளவு சௌகரியமான கதைன்னு உறைச்சுது. மெஷினுக்குப் புத்தி வந்துடுச்சுன்னு சொல்லிட்டா, அந்த ரூம்ல இருந்த மனுஷங்க எல்லாரும் நல்லவங்க ஆயிடலாம். மாத்தறதும் மாத்தாததும் உங்க இஷ்டம். அந்த ரிப்பேர்காரனுக்கு ஒரு பேராவது வைங்க.

அந்த சூப்பர்வைசரா? ரிட்டையர் ஆகிட்டார். எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். நேத்து சாயங்காலம் போனேனே. செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தார். வாடா, என்ன இந்தப் பக்கம்னார். நான் அந்தச் சாவிய அவர் உள்ளங்கையில வெச்சேன். பாத்த உடனே அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. கையில இருந்த பைப்பு நழுவி, தண்ணி என் செருப்பையெல்லாம் நனைச்சுது. பூட்டை வெட்டினீங்களான்னு நான் கேக்கல. அது எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். பூட்டுல அண்ணன் பேரு பெருசா எழுதியிருந்திருக்குமே, வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களா?