மை காயாத நோட்டு

சாயங்காலம் நான்கு மணி. சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் கடைசி நாள். எங்கள் ரஷ்ய வடக்கில் அந்த மாதம் நான்கு மணி என்றால் கும்மிருட்டு. ஒனேகா ஊருக்குப் போகும் காட்டுச்சாலை... ஒரே ஒரு கார். அதற்குள் அர்சேனி.

அர்சேனி, எங்களோடு பாய்லர் அறையில் வேலை செய்யும் ரோடியோனின் அக்கா புருஷன். போன வருடக் கடைசி இரவு, பாய்லர் அறை பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்திருந்த நாலு பேரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ரோடியோன் அன்றைக்கு லீவு. அவன் ஷிஃப்டில் க்ளெப் இருந்தான்.

"ரோடியோன் சொன்னதா, நீயா சேத்துக்கிட்டதா?" என்றான் க்ளெப்.

"கரிய அள்ளிப் போட்டுட்டு வந்து உக்காரு. அப்புறம் வாயடி."

அர்சேனிக்குப் பழைய கைதி முகாம்களின் நோட்டுகளைச் சேர்க்கும் பைத்தியம். உள்ளே வரும் கைதியின் நிஜப் பணத்தை வாங்கிக்கொண்டு முகாம் நோட்டைக் கொடுப்பார்கள். அதை வைத்து முகாம் கடையில் ரொட்டி வாங்கலாம். வேலிக்கு வெளியே அது வெறும் காகிதம். ஓடிப்போனாலும் பட்டினிதான்.

அவனிடம் ஒரு நோட்டு மட்டும் இல்லை. அது தன்னிடம் இருப்பதாக யாரோ ஒருவன் போனில் சொன்னான். காட்டுக்குள், பழைய மரவெட்டு முகாம் இருந்த இடத்துக்கு வரச் சொன்னான்.

"இன்னிக்கா போகணும்?" என்றாள் மனைவி நெல்லி.

"சாலடைப் பிசைஞ்சு வை. புது வருஷ மணியடிக்கிறதுக்குள்ள வந்துடுறேன்."

சாலையின் குறுக்கே தடுப்புக் கட்டை. பக்கத்தில் ஒரு குடிசை. இடுப்பு உயரத்தில் சின்ன ஜன்னல். எங்கள் ஊர் அலுவலகங்களில் எல்லாக் கவுண்டரும் அப்படித்தான், குனிந்தால்தான் பேச முடியும். அதனால் அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. உள்ளிருந்து பினாயில் வாடை, ஈரக் கம்பளி வாடை. ஒரு கை மட்டும் தெரிந்தது. அது நோட்டை நீட்டியது.

மை ஈரமாக இருந்தது. போலி என்று நினைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். காகிதத்துக்குள் தெரியும் நீர்க்குறி சரியாக இருந்தது.

"எவ்வளவு?"

"இருக்கிறத எல்லாம் வை."

இந்தச் சேகரிப்புக்காரர்களுக்கு ஒரு பழக்கம். விற்பவன் மனம் மாறுவதற்குள் பாக்கெட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். அர்சேனியும் கவிழ்த்தான். ரூபிள் எல்லாம், சில்லறை எல்லாம். கை மேஜையைத் தட்டியது. வாட்சைக் கழற்றி வைத்தான். மறுபடி தட்டியது. மோதிரத்தையும் வைத்தான்.

டப்... உள்ளே முத்திரை விழுந்தது. ஜன்னல் மூடிக்கொண்டது.

காரைத் திருப்பினான். கொஞ்ச தூரம் போனதும் தடுப்புக் கட்டை. அதே குடிசை. எதிர்ப்பக்கம் போனான். கட்டை... குடிசை. இறங்கிக் காட்டுக்குள் நடந்தான். மரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சம். ஊர் என்று நினைத்து ஓடினான்.

அந்த ஜன்னல்தான்.

ரோடியோனுக்குப் போன் வந்தது. "மச்சான், நான் விலைக்கு வாங்கல. என்னைக் கைதியாப் பதிஞ்சுட்டாங்க. நீ வா. ஆனா பாக்கெட்ல ஒத்தைக் காசு இருக்கக் கூடாது."

ரோடியோன் போனான், சட்டைப்பையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு. அவன் பார்த்தபோது குடிசை இல்லை. பனிக்குள் மக்கிய கட்டை ஒன்று கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கார், உள்ளே அர்சேனி. புருவமெல்லாம் பனி. தூக்கி வந்து தன் வண்டியில் உட்காரவைத்து பெல்ட் மாட்டினான்.

"உங்கக்கா என்னை வெட்டிப் போட்டுடுவா" என்றான் அர்சேனி.

"வெட்டட்டும். மொதல்ல வீடு போய்ச் சேருவோம்."

"சாலட் மிச்சம் வச்சிருப்பா இல்ல..."

வண்டி மக்கிய கட்டை மேல் ஏறி இறங்கியது. ரோடியோன் திரும்பினான்.

பெல்ட் மாட்டியபடியே இருந்தது. இருக்கையில் ஆள் இல்லை. அந்த நோட்டு மட்டும். ரோடியோன் அதைக் கையில் எடுத்தான்.

பாய்லர் உறுமியது.

"நோட்டு இப்ப எங்க?" என்றான் க்ளெப். குரலில் பழைய கிண்டல் இல்லை.

"அவன்கிட்டதான். வருஷா வருஷம் இதே நாள் எடுத்துட்டுப் போறான். திருப்பிக் குடுத்தா மச்சானை விட்டுடுவாங்கன்னு. போன தடவை ஜன்னல் திறந்துச்சாம். நோட்டை வாங்கல. இடம் காலியாகக் கூடாதுன்னு மட்டும் சொல்லிச்சாம். அவன் கையில ஒட்டின மை இன்னும் காயல. அந்தக் கைய யாருக்கும் காட்ட மாட்டான். அதான் கையுறையைக் கழட்டாமலே கை குடுப்பான். நீங்க எல்லாம் திமிருன்னு திட்டுவீங்களே."

க்ளெப் அடுப்புக் கதவைச் சாத்தினான்.

"சாயங்காலம் சாவி குடுக்க வந்தான். கழட்டிட்டுத்தான் குடுத்தான். ரொம்ப நேரம் பிடிச்சிருந்தான். மன்னிச்சுக்கோன்னான்... குடிச்சிருக்கான்னு நெனச்சேன்."

உள்ளங்கையை விரித்தான். நீலம். ஈர நீலம்.

"சாவில இருந்த பெயிண்ட்டா இருக்கும்" என்று எழுந்து, பாய்லருக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தேய்க்கும் சத்தம் கேட்டது.

என் போன் அடித்தது. நெல்லி. தம்பி போனை எடுக்கவில்லை என்று எனக்கு அடித்திருந்தாள்.

"வாசல்ல நிக்கிறாரு. வாட்ச், மோதிரம் எல்லாம் போட்டிருக்காரு. சாலட் கேக்குறாரு..."

பாய்லருக்குப் பின்னால் டப் என்று ஒரு சத்தம்.

நான்கு பேரும் ஓடினோம். அந்தப் பக்கம் கதவு கிடையாது, சுவர்தான். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் நீலத் தண்ணீர். அதன் விளிம்பில் க்ளெப்பின் சட்டைப்பைச் சில்லறை, யாரோ சொல்லி வைத்ததுபோல், வரிசையாக அடுக்கியிருந்தது.