உதவிக் காசில் வாங்கிய கதிரை

வவுணதீவிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"அரசாங்கம் தாற உதவிக் காசில கதிரை வாங்கினது பிழையாம் மச்சி. அந்தக் கதிரையில இருந்துகொண்டுதான் ஐயா சொல்றார்."

"எந்த ஐயா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"காச என்னத்துக்குச் செலவழிக்கிறம் எண்டு வீடு வீடாப் பாத்துத் திரியிறவர். போன முறை வந்து, இருக்க ஒண்டுமில்லாம வாசல்லயே நிண்டார். எனக்கு வெக்கமாப் போச்சு. அதுதான் வாங்கினன்."

"பாக்கத்தான் வேணும் மச்சி. பாக்காட்டி என்ட மனுசன் அவ்வளவையும் குடிச்சிருவார்."

"அப்ப உன்ட மனுசனப் போய்ப் பாக்கட்டும். நான் அரிசி, பிள்ளைக்குச் சப்பாத்து எல்லாம் வாங்கி மிஞ்சினதிலதானே வாங்கினன். கதிரை அவசியமில்லை எண்டு எழுதப்போறாராம்."

"அப்பிடி எழுதினாக் காச நிப்பாட்டிருவாங்களே?"

"ஓம். 'அப்ப ஒழும்பி நிண்டு எழுதுங்க ஐயா' எண்டன்."

பின் சீற்றில் யாரோ சிரித்தார்கள். பஸ் வாவிப் பாலத்தில் ஏறியது.

"எழுதினாரா?"

"இல்ல. பேனைய மூடிச் சட்டைப் பைக்குள்ள வெச்சிட்டார். அடுத்த மாசம் அவர்ட மேலதிகாரியும் கூட வாறாவாம், அவவுக்கும் நான் இதச் சொல்லணுமாம்."

"சரி, இப்ப டவுனுக்கு என்னத்துக்குப் போறாய்?"

"இன்னொரு கதிரை வாங்க."